அம்மாவின் போனில் என் சர்க்கரை

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையின் சென்சார் காட்டும் அளவைத் தங்கள் போனிலும் பார்க்கும் பெற்றோரே, பிள்ளைக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டதென்றால் பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

தெரியாதவர்களுக்கு: சிஜிஎம் எனப்படும் இந்தச் சென்சார் மேல்கையில் ஒட்டும் சின்ன வில்லை. தோலுக்கடியில் மெல்லிய இழை இருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவு போனுக்கு வந்துவிடும். 2013இல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற அப்பா, தன் நான்கு வயது மகனின் அளவை ஆபீஸில் இருந்தே பார்க்க வழி செய்தார். அப்புறம் பலர் சேர்ந்து அதை 'நைட்ஸ்கவுட்' என்ற மென்பொருளாக ஆக்கினார்கள். இன்று கம்பெனி ஆப்களிலேயே அந்த வசதி உண்டு. ஒன்றில் இருபது பேர் வரை பார்க்கலாம். (எங்கள் பெரியம்மா போனிலும் இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.)

நான்கு வயதுக் குழந்தைக்குச் செய்ததை வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? நான் சென்னை ஹாஸ்டலில், அம்மா திருநெல்வேலியில். சென்சார் இருக்கும் கை மேலேயே படுத்துத் தூங்கினால் அழுத்தத்தில் அளவு பொய்யாக இறங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு 58 என்று ரொம்பக் குறைவாகக் காட்டியதும் அம்மா வார்டனுக்குப் போன் போட்டுவிட்டாள். அந்த அக்கா குளுக்கோஸ் டப்பாவோடு கதவைத் தட்டுகிறார். விரலில் குத்திப் பார்த்தால் 112!

அதையாவது பொறுக்கலாம். தோழி கல்யாணத்தில் 210 தொட்ட உடனே "ஏட்டி, என்னத்தத் தின்ன?" என்று வரும் போன்தான் தாங்காது. சர்க்கரை தூக்கம் கெட்டாலும் ஏறும், மாதவிலக்கு நெருங்கினாலும் ஏறும். டாக்டர்கள் வைத்திருக்கும் பொதுவான இலக்கே நாளில் 70 சதவீத நேரம் 70க்கும் 180க்கும் நடுவில் இருப்பதுதான். ஆறு மணி நேரம் வரை 180க்கு மேலே போனாலும் கணக்கு தப்பாது.

இந்தக் கேள்விகளுக்குப் பயந்து புளூடூத்தை அணைத்து வைக்கிற பையன்களை எனக்குத் தெரியும். அதுதான் ஆபத்து. அணைத்த நேரத்தில் நிஜமாகவே சர்க்கரை இறங்கி 'லோ' ஆனால் போனும் கத்தாது, வீட்டுக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒருவழியாகப் பேசி முடித்தோம். லோ அலாரம் அம்மாவுக்கும் அடிக்கும். ஏறுவது எனக்கும் டாக்டருக்கும் நடுவில். அவள் போனில் ஹை அலாரத்தை அணைத்தாயிற்று. கிராஃபை இன்னும் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். பார்க்கட்டும், போன் பண்ணாமல் இருந்தால் சரி.