கணக்கில் வராத 850 மீட்டர்

(ஸ்பெயினின் வடக்குக் கடலோரம், பாஸ்க் நாட்டின் தொனோஸ்தியா. வரைபடத்தில் சான் செபாஸ்தியன் என்றும் இருக்கும். பழைய நகரத்தில் ஒரு சின்ன மதுக்கடை. பரிமாறும் மேடைமேல் தட்டுத் தட்டாகப் பின்ச்சோ, அதாவது மதுவோடு கொறிக்கும் பாஸ்க் நாட்டுச் சின்னத் தின்பண்டங்கள். வாசலில் வாடகை சைக்கிள். உள்ளே, தலைக்கவசத்தைக் கழற்றாமலே சாப்பிட்டு முடித்த ஒருவர்.)

கடைக்காரம்மா: எத்தனை, மகனே?

சைக்கிள்காரர்: 17.4.

கடைக்காரம்மா: பதினேழா! மேடையில் அவ்வளவு இருக்கவே இல்லையே. அது என்ன புள்ளி நான்கு? கடித்துவிட்டு வைத்துவிட்டாயா?

சைக்கிள்காரர்: கிலோமீட்டர், சென்யோரா. காலையிலிருந்து ஓட்டியது. உண்மையில் 18க்கு மேல் வர வேண்டும். பழைய ரயில் சுரங்கத்தைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறீர்களே, மோர்லான்ஸ், அதற்குள் சிக்னல் போய்விட்டது. நான் நின்றுவிட்டேன் என்று நினைத்து இந்தக் கடிகாரம் எண்ணுவதை நிறுத்திவிட்டது. 850 மீட்டர் கணக்கிலேயே வரவில்லை.

கடைக்காரம்மா: ஓட்டினாய் அல்லவா?

சைக்கிள்காரர்: ஓட்டினேன். ஆனால் கணக்கில் வரவில்லையே.

கடைக்காரம்மா: கால் வலித்ததா?

சைக்கிள்காரர்: வலித்தது.

கடைக்காரம்மா: அந்த வலியும் கணக்கில் வராதா? சரி, விடு. நான் கேட்டது பின்ச்சோ. எத்தனை சாப்பிட்டாய்?

சைக்கிள்காரர்: நீங்கள் எண்ணவில்லையா?

கடைக்காரம்மா: தின்றது நீ. நான் எதற்கு எண்ண வேண்டும்? இங்கே தட்டெல்லாம் மேடையில் திறந்துதான் கிடக்கும். வேண்டியதை எடுத்துத் தின்பாய், சூடாக வேண்டுமென்றால் அடுப்படியில் சொல்வாய். போகும்போது நீ ஒரு எண் சொல்வாய், நான் நம்புவேன். என் மாமியார் காலத்திலிருந்து இப்படித்தான்.

சைக்கிள்காரர்: பல்குத்தும் குச்சியை எண்ணினால் தெரிந்துவிடுமே.

கடைக்காரம்மா: குச்சி எண்ணுவதெல்லாம் எங்கள் பெயரைப் போட்டு வேறு ஊர்களில் நடத்துகிறார்களே, அந்தக் கடைகளில். சரி, எண்ணித்தான் பார்ப்போம். உன் குச்சிகள் எங்கே?

சைக்கிள்காரர்: (சட்டைப் பையைத் தொட்டு) இரண்டு இருக்கிறது. நினைவுக்கு வைத்துக்கொண்டேன். ஹில்டாவில் குத்தியிருந்தது. ஒலிவக்காய், நெத்திலி, ஊறவைத்த பச்சை மிளகாய். 1946இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் நாயகி பெயர். பச்சையாகவும் உப்பாகவும் உறைப்பாகவும் இருக்கிறாள் என்று அந்தப் பெயரை வைத்தார்களாம்.

கடைக்காரம்மா: உறைத்ததா?

சைக்கிள்காரர்: அப்படித்தான் போட்டிருந்தது.

கடைக்காரம்மா: கைபேசியில் போட்டிருந்ததைக் கேட்கவில்லை. உன் வாயில்.

சைக்கிள்காரர்: அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தேன், சென்யோரா.

(பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு ஹில்டாவை ஆறு கோணத்தில் எடுத்தார். ஏழாவது கோணத்துக்காக என் குவளையை நகர்த்தினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.)

கடைக்காரம்மா: ஹில்டா இரண்டு. அப்புறம்?

சைக்கிள்காரர்: சகோலி வெள்ளை ஒயின் இரண்டு. கையை உயர்த்தி மேலிருந்து ஊற்றினீர்களே, அதை வீடியோவே எடுத்திருக்கிறேன். அதில் சந்தேகமே இல்லை, இரண்டு.

கடைக்காரம்மா: குடித்தது மட்டும் எப்படி இவ்வளவு துல்லியம்?

சைக்கிள்காரர்: நான் தெற்கே கிரனாதாக்காரன். எங்கள் ஊரில் ஒரு பானம் வாங்கினால் கொறிக்க ஒரு தட்டு சும்மா வரும். அதனால் தின்பதை எண்ணிப் பழக்கமில்லை.

கடைக்காரம்மா: சும்மா வருமா, நீ எடுப்பாயா?

சைக்கிள்காரர்: அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். என்ன வரும் என்று நமக்குத் தெரியாது.

கடைக்காரம்மா: இங்கே நான் எதையாவது கொண்டுவந்து வைத்தேனா? ஆம்லெட் தட்டுக்குப் போக மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு வந்தாயே, அதுவும் சும்மாதான் என்று நினைத்தா?

சைக்கிள்காரர்: இருங்கள். நாடித்துடிப்பு வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பாருங்கள், 1:12க்கு ஒரு ஏற்றம். 121. நிச்சயம் அது ஒரு பின்ச்சோ.

கடைக்காரம்மா: அது நான் மேடை துடைத்தபோது உன் கைபேசிமேல் தண்ணீர் தெறித்ததே, அந்த நேரம்.

சைக்கிள்காரர்: அப்படியென்றால் படங்களைப் பார்ப்போம். 212 இருக்கிறது. இது சுரியோலா கடற்கரை, அலைச்சறுக்கு. இது கூர்சால் அரங்கம், ரஃபாயேல் மோனேயோ கட்டியது, 1999...

கடைக்காரம்மா: அதை நீ தின்னவில்லை. தள்ளு.

சைக்கிள்காரர்: லா கோன்ச்சா கடற்கரையின் கைப்பிடிக் கம்பி. கம்பி. கம்பி. இதுவும் கம்பி.

கடைக்காரம்மா: கம்பிக்குப் பின்னால் கடல் இருக்குமே?

சைக்கிள்காரர்: வெளிச்சம் அதிகம், வெள்ளையாகிவிட்டது. இந்தப் படத்தில் கை ஓங்குகிறார்களே, இவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களா?

கடைக்காரம்மா: நீ நடைபாதையில் ஓட்டியிருப்பாய். பக்கத்திலேயே பிதேகொர்ரி, சைக்கிள் பாதை, இருக்கிறதே. பெயரே சிவப்புப் பாதை. பாஸ்க் தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியுமே.

சைக்கிள்காரர்: திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, எதுவார்தோ சில்லிதாவின் காற்றுச் சீப்பு. பாறையில் அந்த மூன்று இரும்புச் சிற்பங்கள். அங்கே தரையில் ஓட்டை இருப்பதை யாருமே சொல்லவில்லை, சென்யோரா. மேலே நின்றேன், அலை அடித்தது, கீழிருந்து கால்சட்டைக்குள்...

கடைக்காரம்மா: கடல் மேலே வரட்டும் என்றுதான் ஓட்டை விட்டிருக்கிறார்கள்.

சைக்கிள்காரர்: நாலே நிமிடத்தில் முடிக்க வேண்டியது. காயவே அரை மணி ஆனது.

கடைக்காரம்மா: அந்த அரை மணி அங்கே என்ன செய்தாய்?

சைக்கிள்காரர்: சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். வேறு வழி?

கடைக்காரம்மா: நல்லது. அடுத்த படம். ஏன் ஒரே கறுப்பாக இருக்கிறது?

சைக்கிள்காரர்: குகை. அந்த 850 மீட்டர்.

கடைக்காரம்மா: குகையா? (அவர் வாயைப் பார்க்கிறார்.) எங்கே, சிரி.

சைக்கிள்காரர்: ஏன்?

கடைக்காரம்மா: சும்மா சிரி, மகனே.

(சிரிக்கிறார். அந்த அம்மா வேகமாகத் திரும்பி, துடைத்த குவளையையே மறுபடி துடைக்கிறார்.)

கடைக்காரம்மா: சரி, குகை என்றால் குகை. மேலே போ.

சைக்கிள்காரர்: ஆம்லெட் ஒன்று. உப்புக்கண்ட மீன் ஒன்று. நண்டு ஒன்று. இது பாலாடைக்கட்டி... இல்லை, இது பக்கத்து ஆளின் தட்டு.

(என்னுடையதுதான்.)

கடைக்காரம்மா: காளான் சாப்பிட்டாயே.

சைக்கிள்காரர்: படம் இல்லையே.

கடைக்காரம்மா: படம் இல்லாவிட்டால் தின்னவில்லை என்று அர்த்தமா? குகைக்குள் ஓட்டினாயா இல்லையா?

சைக்கிள்காரர்: (யோசித்து) ஓட்டினேன். சரி, காளானும் தின்றேன். ஒன்று... இல்லை, சட்டையில் இரண்டு இடத்தில் எண்ணெய். காளான் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏழு. சீக்கிரம் சொல்லுங்கள், எவ்வளவு? சைக்கிள் வாடகை மணிக்கணக்கு. இகெல்தோ மலைக்கு 1912லிருந்து ஓடுகிற இழுவை ரயில் ஒன்றுதான் பாக்கி. அதில் ஏறி இறங்கினால் ஊரையே முடித்துவிடுவேன்.

கடைக்காரம்மா: நீ நிற்கிற தெருவின் பெயர் என்ன?

சைக்கிள்காரர்: 31 ஆகஸ்ட். அதுவும் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன, திருவிழாவா?

கடைக்காரம்மா: 1813இல் அந்த நாளில்தான் ஊரைக் கொளுத்தினார்கள். நெப்போலியனின் ஆட்களை விரட்டி எங்களைக் காப்பாற்ற வந்த ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும்தான். இந்தத் தெருவில் கொஞ்சம் வீடுகள் மிஞ்சின.

சைக்கிள்காரர்: எத்தனை?

கடைக்காரம்மா: அவர்களும் உன்னைப் போலத்தான், ஊரை முடிக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

சைக்கிள்காரர்: நான் எதையும் கொளுத்தவில்லையே, சென்யோரா.

கடைக்காரம்மா: நான் குடியிருக்கும் கட்டடம் நாலு மாடி. வாசலில் எண் போட்டுத் திறக்கிற சாவிப்பெட்டி மூன்று தொங்குகிறது. சாவி வைத்திருக்கும் மனுஷி நான் ஒருத்திதான் பாக்கி. மற்ற வீடுகளில் வாடகைக்குத் தங்க வரும் பயணிகள் நடுராத்திரி பயணப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து, கதவைத் தட்டி, என்னிடம் வைஃபை எண் கேட்கிறார்கள்.

சைக்கிள்காரர்: பச்சைக் கதவா?

கடைக்காரம்மா: ஆமாம்.

சைக்கிள்காரர்: இரண்டாவது மாடியா?

கடைக்காரம்மா: நான் மூன்றாவது. ஏன்?

சைக்கிள்காரர்: ஒன்றுமில்லை. நேற்று ராத்திரி மாடி தவறிவிட்டது. அதை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மேடையில் யாரோ ஹில்டாவை எடுத்து, ஒரே வாயில் போட்டு, குச்சியை வைத்துவிட்டுப் போகிறார். மூன்று நொடிகூட ஆகியிருக்காது.)

கடைக்காரம்மா: ஏழுக்குப் பணத்தை வை. சகோலி இரண்டுக்கும். நடைபாதையில் ஏறாதே.

(பணம் வைத்துவிட்டுப் போகிறார். வாசலில் சைக்கிளோடு நின்று தன்னையே ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். அதைப் பார்க்கிறார். விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்ப உள்ளே வருகிறார்.)

சைக்கிள்காரர்: சென்யோரா. எட்டு.

கடைக்காரம்மா: எது எட்டு?

சைக்கிள்காரர்: கணவாய். அதன் மையிலேயே வேகவைத்துச் சின்னத் தட்டில் கொடுத்தீர்களே. என் பல் முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்புப் படம் குகை இல்லை. கிட்ட வைத்து எடுத்துவிட்டேன்.

கடைக்காரம்மா: நீ முதலில் 17.4 என்று சொன்னபோதே எனக்குத் தெரியும். வாயைத் திறந்தாயே.

சைக்கிள்காரர்: அப்போது ஏன் சொல்லவில்லை? எவ்வளவு தர வேண்டும்?

கடைக்காரம்மா: பணத்தை உள்ளே வை. குகை என்று நீதானே சொன்னாய்?

சைக்கிள்காரர்: ஆமாம், ஆனால்...

கடைக்காரம்மா: குகை கணக்கில் வராது, மகனே. ஓடு, வாடகை ஏறுகிறது.