தொலைந்த காசு அழவில்லை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தாலே ஒரு விதமான பிரசங்கம் காதில் விழ ஆரம்பித்துவிடும். "முதல்ல மனந்திரும்பு, அப்புறம்தான் ஆண்டவர் உன்னை ஏத்துக்குவார்." போன வாரம் சேலத்தில் ஒரு கூட்டத்தில் ஒருவர் இதையே அரை மணி நேரம் ஒலிபெருக்கி அதிரப் பேசினார். எனக்கு முன் வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடைசி வரை அழுதுகொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பிரசங்கத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

என் அம்மா கொலுசு வேலை செய்தவர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் எடை போட்டு வெள்ளி கொடுப்பார்கள். வீட்டில் வைத்துப் பற்றவைத்து, சலங்கை கோத்து, வாரக் கடைசியில் திரும்ப எடை போட்டு ஒப்படைக்க வேண்டும். சேதாரம் என்று கொஞ்சம் விடுவார்கள். அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் வீட்டில் தரையைக் கூட்டுவதே வேறு மாதிரி இருக்கும். குப்பையை வாசல் பக்கம் தள்ளவே மாட்டார். நான்கு மூலையிலிருந்தும் நடுவுக்குக் கூட்டி, அந்தத் தூசியை ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வைப்பார். வேலை முடிந்து எழும்போது உள்ளங்காலைக்கூடத் துணியால் துடைத்து, அந்தத் துணியை டப்பாவுக்கு மேலேயே உதறுவார்.

ஒன்பதாவது படிக்கும்போது அந்த வெள்ளியில் 40 கிராம் திருடி விற்றேன். அன்று இரவு எடை இடித்தது. அம்மா பாயைப் புரட்டினார், பெட்டியை நகர்த்தினார், அம்மிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார், கூட்டிய இடத்தையே மறுபடி மறுபடி கூட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சீமாறு தரையில் உரசுகிற சத்தம் விடியும் வரை கேட்டது.

தொலைந்த ஆடு, தொலைந்த காசு, ஊதாரி மைந்தன் என்று இயேசு சொன்ன மூன்று கதைகள் உள்ள லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், எல்லோரும் சொத்தை அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வந்த அந்த இளைய மகனிடம்தான் போய் நிற்பார்கள். நான் அதற்கு முன்னால் இருக்கிற மூன்றே வசனங்களில் நின்றுவிடுவேன். ஒரு பெண்ணிடம் பத்து திராக்மா. ஒன்று தொலைகிறது. விளக்கேற்றி, வீட்டைக் கூட்டி, கிடைக்கும்வரை தேடுகிறாள். திராக்மா வெள்ளிக்காசு, ஏறக்குறைய ஒரு நாள் கூலி. தொலைந்த ஆடாவது கத்தியிருக்கும். இளைய மகனாவது எழுந்து நடந்து வந்தான். காசு என்ன செய்தது? அழவில்லை, வருந்தவில்லை. தான் தொலைந்துபோனதே அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட கதையை முடிக்கும்போதுதான், மனம் மாறும் ஒரு பாவியைக் குறித்துக் கடவுளின் தூதர்கள் முன்னிலையில் மகிழ்ச்சி உண்டாகும் என்கிறார் இயேசு. நமக்கு மனம் மாறத் தோன்றுகிறது என்றால், சீமாறு ஏற்கனவே நம் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். முன் வரிசையில் அழுத அந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் அவர் போய்விட்டார்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சக்கேயுவின் கதையிலும் இதே வரிசைதான். "இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும்" என்று இயேசு முதலில் கூப்பிட்டுவிட்டார். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான் அவன் வாயில் வந்தது. ஆனால் வந்தது. அதையும் விட்டுவிடக் கூடாது. "ஆண்டவர் அன்பானவர், எல்லாம் சரியாப் போச்சு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அம்மாவின் கூலியில் பிடித்தார்களே, அது சரியாகிவிட்டதா?

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பாருங்கள். வருந்தினான், "பாவம் செய்தேன்" என்று சொன்னான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆனால் போனது தலைமைக் குருக்களிடம். அதைப்பற்றி எங்களுக்கு என்ன என்று கேட்டுவிட்டார்கள். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடர் பேதுருவோ, கரையில் நிற்பது ஆண்டவர் என்று தெரிந்ததும் படகு போய்ச் சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தார். வருத்தம் இரண்டு பேருக்கும் இருந்தது. ஒருவர் தன்னை நேசித்தவரிடம் ஓடினார்.

சின்ன வயதில், பாவத்துக்கு வருந்திச் சொல்லும் ஜெபமான உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொடுத்தபோது, நரகத்துக்குப் பயந்து வருகிற வருத்தம் வேறு, கடவுளை நேசிப்பதால் வருகிற உத்தம மனஸ்தாபம் வேறு என்று விளக்கினார்கள். 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் அந்தப் பயத்தால் வரும் வருத்தத்தைக்கூடக் கடவுளின் கொடை என்றே சொன்னது. சரி, பயத்தில் தொடங்கலாம். ஆளைப் பயத்திலேயே கட்டிப்போடுவதுதான் தப்பு. குருவானவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் நான் பதினோரு வருடம் அந்த 40 கிராமை மட்டும் மறைத்தேன். காரணம் வெறும் பயம்.

கடைசியில் ஏற்காட்டில் ஒரு தியானத்தில்தான் சொன்னேன். "அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்" என்பதுதான் பாவப் பரிகாரமாகக் குருவானவர் கொடுத்த அபராதம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியும்வரை பஸ்ஸில் அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். இளைய மகனும் ஒத்திகை பார்த்துத்தான் வந்தான். "கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்ற கடைசி வரிக்கு அவன் வருவதற்குள் தகப்பன் புது உடுப்பு கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அம்மா என்னை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த ராத்திரி தூங்கியிருப்பேனே சாமி" என்றார். சக்கேயுவை நினைத்து நான்கு மடங்கு பணம் எண்ணிக் கொண்டுபோயிருந்தேன். வாங்கி, அன்று கூலியில் பிடித்த தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். எவ்வளவு பிடித்தார்கள் என்பது பதினோரு வருடம் கழித்தும் ரூபாய் பிசகாமல் அவருக்கு நினைவிருந்தது.