‘8 ஓம்’ என்று எழுதிய கையைப் பிடித்துக் கேட்க வேண்டும்

நேற்று ராத்திரி என் ஆம்ப்ளிஃபையரின் இடது சேனல் செத்துப்போனது. 1970களில் செய்தது, சேனலுக்கு 45 வாட். பதினோரு வருஷமாக ஒரு குறை சொல்லாமல் பாடியது. அது வயசாகிப் போய்ச் சேரவில்லை. பின்பக்கம் ‘8 ஓம்’ என்று அச்சடித்த ஒரு ஜோடி புது ஸ்பீக்கர் அதைக் கொன்றது. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை; அது குறையக் குறைய ஆம்ப் அதிக மின்னோட்டம் கொடுத்தாக வேண்டும். அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான் நான் அவற்றை வாங்கி மாட்டினேன்.

இரண்டு வாரமாகவே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் சத்தமாக வைத்து, பாஸ் கனமாக வரும் இடத்தில் ‘டொக்’ என்று ரிலே (ஆபத்து வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் காவல் சுவிட்ச்) விழும், பாட்டு நின்றுவிடும். சில நொடி கழித்துத் திரும்பவும் ‘டொக்’, பாட்டு வரும். ஸ்பீக்கர் விற்றவரிடம் கேட்டேன். “அது ரிலே வீக் ஆகியிருக்கும் சார். பழைய ஆம்ப் எதை வேணும்னாலும் இழுக்கும், அந்தக் காலத்து இரும்பு” என்றார். சரி என்று ரிலே முனைகளைச் சுத்தம் செய்தேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது போட்ட சத்தத்தைக் கோளாறு என்று நினைத்துவிட்டேனே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நேற்று டபுள் பாஸ் தனியாக வாசிக்கும் ஒரு ரெக்கார்டிங். அடித் தந்திக்கு இறங்கிய நேரம் இடது பக்கம் கரகரத்தது, அப்புறம் வாடை. எலெக்ட்ரானிக்ஸ் கருகும் வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், எமிட்டர் ரெசிஸ்டர் ஒன்றின் வெள்ளை உடம்பு குறுக்கே பிளந்து, பலகையில் பழுப்புக் கறை. ஸ்பீக்கருக்கு மின்னோட்டத்தைத் தள்ளும், வட்டத் தகர மூடி போட்ட அவுட்புட் டிரான்ஸிஸ்டர் உள்ளே ஷார்ட். அதை ஹீட் சிங்கிலிருந்து எடுத்தபோது, மைக்கா தகட்டில் தடவியிருந்த பசை சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது.

அதன் பிறகுதான் மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனைகளில் வைத்தேன். 3.2 ஓம். மீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத் தடையை மட்டும், பாட்டு ஓடும்போது இருக்கும் தடை வழக்கமாக அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் நேர்மையான 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கம் காட்டும். இது 4 ஓம் ஸ்பீக்கர். பச்சைப் பொய்யை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ஐ.இ.சி. 60268-5 என்ற சர்வதேசத் தரம் தெளிவாகவே சொல்கிறது: ஸ்பீக்கரின் மின்மறுப்பு (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் அந்தத் தடை), குறித்த மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 8 என்று எழுதினால் எந்த அதிர்வெண்ணிலும் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. மின்மறுப்பு வரைபடத்தோடு வரும் விமர்சனங்களை எடுத்துப் பாருங்கள், 8 ஓம் என்று போட்டுவிட்டு 3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கர் சர்வசாதாரணம். ஏன் அப்படிப் போடுகிறார்கள் என்றால், 4 என்று போட்டால் வாங்குகிறவர் யோசிப்பார். அவ்வளவுதான் காரணம்.

இன்னொரு தில்லுமுல்லும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சென்ஸிட்டிவிட்டியை, அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதை, 2.83 வோல்ட்டில் அளந்து போடுகிறார்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். 87 டெசிபல் என்று பெருமையாகப் போட்ட ஸ்பீக்கர், வாட் கணக்கில் பார்த்தால் 84 தான். ஒரே பொய்யில் இரண்டு லாபம்.

கணக்கைப் பாருங்கள். 45 வாட் ஆம்ப் 8 ஓமில் முழு மூச்சில் ஓடும்போது உச்ச மின்னழுத்தம் ஏறக்குறைய 27 வோல்ட், மின்னோட்டம் 3.4 ஆம்பியர். அதே 27 வோல்ட்டை 3 ஓமில் போட்டால் 9 ஆம்பியர். அதுவும் ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டராக இருந்தால். கிராஸ்ஓவரும் (பாஸையும் மேல் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் சுற்று) வூஃபரும் (பாஸ் பாடும் கூம்பு) சேர்ந்து மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகத் தள்ளிவிடும். அப்போது, தன் தலையில் மின்னழுத்தம் அதிகம் நிற்கிற நேரத்திலேயே டிரான்ஸிஸ்டர் பெரிய மின்னோட்டத்தையும் சுமக்க வேண்டும். அந்தச் சூடு முழுக்க ஒரு சின்ன சிலிக்கன் துண்டுக்குள். குருவி தலையில் பனங்காய் என்பது இதுதான்.

“அதிக வாட் உள்ள ஆம்ப் வாங்கியிருக்க வேண்டியதுதானே” என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வாட் என்பதை எதில் அளந்தார்கள்? அமெரிக்காவில் 1974-இல் வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்த பிறகு விளம்பரத்து வாட் கணக்கு ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. ஆனால் அளப்பது சோதனை மேஜையில், 8 ஓம் ரெசிஸ்டரில். எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே எண்ணைக் காட்டும் ரெசிஸ்டரை ஓட்டிவிட்டு, ஸ்பீக்கரையும் ஓட்டும் என்று எப்படிச் சொல்வது? 1978-இல் வந்த நாட் 3020 ஆம்ப், காகிதத்தில் வெறும் 20 வாட். குறைந்த ஓமில் கணநேரத்துக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்கும்படி வடிவமைத்தார்கள். அதனால்தான் அதே காலத்தின் பளபள ஆம்ப்கள் பல மூச்சுத் திணறிய இடத்தில் அது நின்றது.

குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள், கூம்புக்குப் பதிலாக மெல்லிய படலம் கட்டிய பேனல் அதிரும் வகை. 1957-இல் வந்தது. பாஸில் 30 ஓம் பக்கம் இருக்கும், மேலே உச்ச அதிர்வெண்ணில் 2 ஓம் பக்கம் சரியும். அந்த வீட்டிலேயே பிறந்த 15 வாட் குவாட் II வால்வு ஆம்ப் அதோடு எத்தனை அழகாகப் பாடும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அதே நிறுவனம் 1975-இல் 100 வாட் 405 ஆம்பைக் கொண்டுவந்தபோது, அந்தப் பழைய ஸ்பீக்கருக்கு மாட்ட மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது, இல்லையென்றால் பேனலே பொசுங்கிவிடும். வாட் ஏறினால் நல்லது என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கடினமான ஸ்பீக்கர் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1980களின் அப்போஜி சின்டிலா 1 ஓம் ஸ்பீக்கர். அதை மறைக்கவில்லை. வாங்கியவர்கள் அதற்கென்றே கிரெல் போன்ற ராட்சத ஆம்ப் தேடிப் போனார்கள். அது மரியாதையான வியாபாரம். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், நல்ல சென்ஸிட்டிவிட்டி, இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது எல்லா ஸ்பீக்கர் பொறியாளருக்கும் மனப்பாடம். முன்பு பெட்டியைப் பெரிதாக்கி 93 டெசிபல் வாங்கினார்கள். இப்போது பெட்டியைச் சுருக்கி 84-இல் நிற்கிறார்கள். 9 டெசிபல் வித்தியாசம் என்றால் எட்டு மடங்கு சக்தி. 5 வாட் போதும் என்ற இடத்தில் 40 வாட். செய்யுங்கள், ஆனால் அதை வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். குறைந்தபட்ச ஓம் எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில் என்று பின்பக்கத்தில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

(பழைய ஆம்ப்களில் ஸ்பீக்கர் A+B என்று ஒரு பட்டன் இருக்கும். பெரும்பாலான ஆம்ப்களில் அது இரண்டு ஜோடியையும் பேரலலாக இணைக்கும், ஆம்ப் பார்க்கும் ஓம் இன்னும் குறையும். இந்த மாதிரி ஸ்பீக்கரோடு அதைத் தயவுசெய்து அமுக்கிவிடாதீர்கள்.)

என் ஆம்ப் இப்போது மேஜையில் திறந்து கிடக்கிறது. அந்த டிரான்ஸிஸ்டரை யாரும் இப்போது தயாரிப்பதில்லை. விற்கிறவற்றில் பாதிக்கு மேல் பழைய எண்ணைப் புதிதாக அச்சடித்த போலி என்ற பயம் வேறு. ஈடாக வேறொன்றைத் தேடி, ஜோடி பொருத்தி, பயாஸ் (டிரான்ஸிஸ்டர் சும்மா இருக்கும்போது ஓடும் சிறு மின்னோட்டம்) சரிசெய்து, கெப்பாசிட்டரையும் மாற்ற எனக்கு ஒரு மாதமாவது ஆகும்.

ஸ்பீக்கரைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். கட்டுவதற்கு முன் இரண்டின் பின்பக்கத்திலும் அந்த 8-ஐ அடித்துவிட்டு, கறுப்பு மார்க்கரால் 3.2 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.