எங்கள் பள்ளிக்கூடம் தானாக மூடப்படவில்லை

கையில் கிடைத்த ஒரு விழா மலரைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் கதையை அதில் "மாணவர் வரவின்மையால் மூடப்பட்டது" என்ற ஒற்றை வரியில் முடித்திருப்பதைக் கண்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. மாணவர் வராமல் விடவில்லை, வரமுடியாமல் செய்யப்பட்டார்கள்.

1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவாகி, "இந்து போட்" என்று அழைக்கப்பட்ட அந்தச் சங்கத்தின் இராசரத்தினம் அவர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களை எழுப்பிய காலத்தில், எங்கள் ஊரவரும் காணி கொடுத்து, பிடியரிசி சேர்த்து, ஒரு கொட்டிலில் அதைத் தொடங்கினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது அதுவும் அரச பாடசாலையாகி, உயர்தர வகுப்புகள் வரை வளர்ந்தது. 1990 ஜூனில் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பிறகு இன்னொரு பாடசாலையில் பின்னேர வகுப்பு, அதன் பிறகு கிடுகுக் கொட்டகை. இதற்கா வரவின்மை என்று பெயர்?

1995 ஒக்டோபர் 30இல் இராணுவம் நெருங்கியதால் வலிகாமமே வெளியேறிய இரவில், எங்கள் அதிபர் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, மாணவர் சேர்வைப் பதியும் சேர்விடாப்பையும் பாடசாலை நிகழ்வுகளைக் குறிக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். அந்த இடாப்பை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். விலகியமைக்கான காரணம் எழுதும் நிரலில், பக்கம் பக்கமாக, ஒரே கையெழுத்தில் "இடப்பெயர்வு" என்றே இருக்கிறது. ஈரத்தில் மை பரவிய இடங்களிலும் அதை வாசிக்க முடிகிறது. மலர்க்குழுவினர் ஒருவரும் அதைக் கேட்டு வரவில்லை.

பிள்ளைகள் இல்லாத பாடசாலையை எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றலாகிப் போன விஞ்ஞான ஆசிரியருக்குப் பதிலாக ஆள் தராமல் விட்டு, அதனால் பெற்றோர் பிள்ளைகளை வேறிடம் சேர்த்த பிறகு, அந்தக் குறைந்த எண்ணிக்கையையே காட்டி மூடினார்களே, அதற்கு யார் பொறுப்பு? பழையதைக் கிளறாதே என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மலரில் இடம் போதவில்லை என்பதையும் ஏற்கமாட்டேன். வாழ்த்துச் செய்தி ஒவ்வொன்றுக்கும் முழுப்பக்கம் கொடுக்க இடம் இருந்திருக்கிறது.

புலமைப்பரிசிலில் தேறிய பிள்ளையை நகரத்துக் கல்லூரிக்கு அனுப்புவதே பெருமை என்று ஊர்கள் பழகிவிட்டன. அந்தக் கல்லூரிகளுக்குக் கனடாவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. விளையாட்டரங்குக்கும் பணம் வருகிறது. வரட்டும், அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடமே இல்லாததால் எங்களுக்கு அதிபர் இல்லை, அதனால் சங்கமும் இல்லை. விடுகைப் பத்திரத்தின் பிரதி வேண்டுமென்றால் எந்த வாசலில் போய் நிற்பது? படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால், அப்படி ஒன்று இருந்ததா என்று எங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். அது எவ்வளவு வலிக்கும் என்று அந்த ஒற்றை வரியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மலர்க்குழு திருத்தம் வெளியிட வேண்டும். 1990 என்றும் உயர் பாதுகாப்பு வலயம் என்றும் அதில் எழுத வேண்டும். வகுப்புப் படமோ, விடுகைப் பத்திரமோ, பரிசளிப்பு விழா அழைப்பிதழோ வைத்திருக்கும் ஊரவர்கள் எனக்குத் தகவல் தாருங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் "நூலகம்" என்ற இணைய ஆவணகத்தில், இடாப்போடு சேர்த்து அவற்றையும் ஒப்படைக்க அதிபரின் குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள்.