எக்ஸ்எஸ்எல்டியை டாமோடு கட்டிப்போட்டிருக்கலாமா?

காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். ஆய்விதழ்க் கட்டுரைகள் எக்ஸ்எம்எல்லாக, அதாவது தலைப்பு, பத்தி என்று குறிச்சொற்களால் பிரித்த கோப்புகளாக வரும். அவற்றை இணையப் பக்கத்துக்கான ஹெச்டிஎம்எல்லாக மாற்றித் தர வேண்டும். இப்படி மாற்றுவதற்கென்றே உள்ள மொழி எக்ஸ்எஸ்எல்டி. ஆவணத்தைக் கணுக்கள் கொண்ட மரமாக வைத்து, நிரல்கள் அதைத் தொட்டு மாற்ற வழி தரும் ஆப்ஜெக்ட் மாடல்தான் டாம். போன வாரம் டீமில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, அதான் டாம் இருக்கே. எக்ஸ்எஸ்எல்டியையும் அதுமேலயே கட்டியிருந்தா ஒண்ணு படிச்சா போதுமே?" போனில் அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை. அதனால் இங்கே.

ஆவணத்தை மாற்றும் மொழிக்கு, ஆவணம் என்றால் என்ன என்று ஒரு வரையறை கட்டாயம் வேண்டும். ஆனால் நிரலர் கூப்பிடுவதற்காகச் செய்த ஆப்ஜெக்ட் மாடல் அந்த வரையறையாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

டாம் முதல் நிலை 1998 அக்டோபரில் வந்துவிட்டது. எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது 1999 நவம்பரில். டாம் கையிலேயே இருந்தும், எக்ஸ்எஸ்எல்டி ஆவணத்தின் பகுதிகளைச் சுட்டப் பயன்படுத்தும் எக்ஸ்பாத்துக்கென்று தனியாக ஒரு மர மாதிரியை எழுதினார்கள். அதற்கும் முன்னால், ஆவணங்களை மாற்றவும் வடிவமைக்கவும் வந்த 1996-ன் ஐஎஸ்ஓ தரமான டிஎஸ்எஸ்எஸ்எல்லும் 'குரோவ்' என்ற மாதிரியோடுதான் வந்தது. எக்ஸ்எஸ்எல்டி, டிஎஸ்எஸ்எஸ்எல் இரண்டிலும் ஜேம்ஸ் கிளார்க் என்ற நிரலரின் கை உண்டு.

எங்கே உதைக்கும் என்பதற்கு, தம்பி டாமை வைத்து எழுதிய ஸ்கிரிப்ட்டே சாட்சி. 'தோல் & காலணிக் கழிவுகள்' என்று ஒரு தலைப்பு. அனுப்பியவர் நடுவிலிருந்த & குறிக்கு மட்டும் சிடேட்டா (உள்ளே இருப்பதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள் என்று சொல்லும் உறை) போட்டிருந்தார். டாமுக்கு இது மூன்று கணுக்கள்: முன்னால் ஒரு துண்டு, நடுவில் சிடேட்டா, பின்னால் ஒரு துண்டு. ஸ்கிரிப்ட் முதல் பிள்ளையை மட்டும் எடுத்தது. 'தோல்' என்ற ஒற்றைச் சொல்லோடு கட்டுரை போய்விட்டது. ஆம்பூர்க்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்! எக்ஸ்பாத் மாதிரியில் சிடேட்டா என்று ஒரு கணுவே கிடையாது, மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்துக் கணு. 2004-ல் டாமின்மேல் எக்ஸ்பாத்தை ஓட்டுவதற்கு, இந்தத் தரங்களை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பு குறிப்பு எழுதியபோது, இந்தப் பொருத்தமின்மைக்கென்றே தனியாக விதி சொல்ல வேண்டிவந்தது.

"டெக்ஸ்ட்கன்டென்ட்னு போட்டா சரியாயிடும்ணே" என்றான் தம்பி. உள்ளே இருக்கும் எழுத்தையெல்லாம் சேர்த்துத் தரும் டாம் வசதி அது. ஆகும். ஒவ்வோர் இடத்திலும் ஞாபகம் வைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், டாம் தரும் பிள்ளைகளின் பட்டியல் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கும். பத்துப் பத்திகளை முன்னாலிருந்து எண்ணி எண்ணி நீக்கிப் பாருங்கள், ஒன்று போனதும் அடுத்தது அதன் எண்ணுக்கு வந்து தப்பித்துக்கொள்ளும், ஐந்து மிச்சமிருக்கும். எக்ஸ்எஸ்எல்டியில் மூலத்தைத் தொடவே முடியாது. எழுதுவதெல்லாம் வேறொரு மரத்தில். டாமுக்குக் கட்டுப்படாததால்தான், எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் சாக்ஸன் என்ற மென்பொருள் தனக்கென்று டைனிட்ரீ என்ற சிக்கனமான மரத்தை வைத்துக்கொள்ள முடிந்தது. 2017-ல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 3.0-ல், முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றாமல் வரவர மாற்றும் வசதியும் சாத்தியமானது.

எங்கள் குடும்பப் பத்திரத்தில் 'வடாற்காடு மாவட்டம், ஆற்காடு தாலுகா' என்றிருக்கும். 1989-ல் அந்த மாவட்டம் இரண்டானது. 2019-ல் வேலூர் மூன்றானது, நிலம் இப்போது ராணிப்பேட்டையில். எந்த ஆபீசில் மனு கொடுப்பது என்பது மாறிக்கொண்டே வந்தது. செக்குபந்தி மட்டும் அப்படியே: கிழக்கே வாய்க்கால், மேற்கே பங்காளி நிலம். எக்ஸ்பாத்தின் மர மாதிரி எனக்கு அந்தச் செக்குபந்தி போல, டாம் அந்த ஆபீஸ் போல.

சரி, தம்பி பக்கமும் நியாயம் உண்டு. பிரவுசரில் ஓர் அட்டவணையை இடம் மாற்ற யாரும் எக்ஸ்எஸ்எல்டி எழுத வேண்டாம், நானே எழுத மாட்டேன். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர், சிடேட்டா இருந்த இடத்திலெல்லாம் அது அப்படியே திரும்ப வர வேண்டும் என்று கேட்டார். எக்ஸ்எஸ்எல்டி அதைப் படிக்கும்போதே மறந்துவிடுகிறது. இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் டாமை வைத்துத்தான் முடித்துக் கொடுத்தேன். அதைத் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.