பேச்சை விடுங்க, பதிலைப் படிங்க

மேட்டூர் திறப்பு தள்ளிப்போகிற வருஷமெல்லாம் டெல்டா வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி வீடியோதான் சுற்றும். எதிர்க்கட்சி எம்.பி. எழுந்து நின்று மாநில உரிமை, கூட்டாட்சி, காவிரி என்று ஒன்றரை நிமிஷம் பொரிந்து தள்ளுவார். பின்னணியில் பாட்டு வேறு. "சிங்கம்டா" என்று போட்டுப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. பதில் சொல்லியிருக்கவே மாட்டார், ஏனென்றால் அது பெரும்பாலும் பூஜ்ய நேரம், அதாவது முன்கூட்டிப் பட்டியலிடாத அவசர விஷயங்களை எழுப்பும் 'ஜீரோ அவர்'. அங்கே எழுப்பும் விஷயத்துக்கு அமைச்சர் அப்போதே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

எதிர்க்கட்சி உறுப்பினரின் உண்மையான வேலை, அரசின் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கி அவைக்குறிப்பில் ஏற்றுவது. மற்றதெல்லாம் மேடைப் பேச்சு. மேடைப் பேச்சில் நமக்குப் பஞ்சமா என்ன?

அண்ணாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் அவர் பேசிய கன்னிப்பேச்சு எல்லோருக்கும் தெரியும். திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டது. அடுத்த வருஷம் அவர் செய்த வேலை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1962 அக்டோபரில் சீனப் போர் வந்ததும் பிரிவினைக் கோரிக்கையை ஒத்திவைத்தார். அப்படியும் 1963 ஜனவரியில் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்த மசோதா வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை மூன்றுக்கும் "இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு" என்ற பெயரில் கட்டுப்பாடு விதிக்க வழிசெய்யும் திருத்தம் அது. மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசினார். அவர் எழுப்பிய சிக்கல் இன்றைக்கும் தீரவில்லை: கோரிக்கையை விட்டாலும், அதைக் கேட்க வைத்த காரணங்கள் அப்படியேதானே இருக்கின்றன? பிரிவினை என்று முத்திரை குத்திவிட்டால் நிதி, மொழி, தண்ணீர் எதைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. மாநில உரிமையைத் தனிநாட்டிலிருந்து பிரித்து, வாதத்தை அரசியல் சட்டத்துக்கு உள்ளேயே நிறுத்தியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்பேன். அதைப் பின்வாங்கல் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தத் திருத்தத்தின் ஒரு துண்டை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கலாம். தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ வேட்புமனு கொடுத்த கையோடு, தேர்தல் அதிகாரி முன் வேட்பாளர் ஒரு உறுதிமொழியை வாசிப்பார். அதில் வரும் இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற வரி 1963இல் நுழைந்தது. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் அதை வாசித்தாக வேண்டும். பரிசீலனை அன்றைக்குக் காலையில் வந்து வாசிக்கிறேன் என்றால் மனு போச்சு. சுயேச்சைகள் பலர் வழுக்குகிற இடம் இது.

அதே 1963இல் ஆட்சிமொழி மசோதா. 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர 'மே' (may, தொடரலாம்) என்று எழுதியிருந்தார்கள். தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே என்று தி.மு.க. பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் 'மே' என்றாலும் 'ஷல்' (shall, தொடர வேண்டும்) என்றாலும் ஒன்றுதான் என்றார் நேரு. ஒன்றுதான் என்றால் 'ஷல்' என்றே போட்டுவிட வேண்டியதுதானே? போடவில்லை. 1965 கிளர்ச்சியில் ரத்தம் சிந்திய பிறகு, 1967 திருத்தத்தில்தான் 'ஷல்' வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டால் ஒழிய ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்பதும் அதில் சேர்ந்தது. ஒரு வினைச்சொல்லுக்கு நாலு வருஷம்.

நம்ம டெல்டா மண்ணிலிருந்து மக்களவைக்குப் போன தி.மு.க.காரர் இரா. செழியன். திருக்கண்ணபுரத்துக்காரர். 1962இல் பெரம்பலூர் தொகுதி, 1967லும் 1971லும் கும்பகோணம். 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். தணிக்கை அறிக்கையில் வரும் பத்திகளை எடுத்து, துறைச் செயலாளர்களை வரவழைத்து, கணக்கு உதைக்கிற இடத்தில் விளக்கம் கேட்கிற குழு அது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது. நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் அறிக்கையின் பிரதிகள் 1980க்குப் பிறகு கண்ணில் படாமல் போயின. தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010இல் அதைத் திரும்ப அச்சேற்றியவரும் இவர்தான். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியையும் எதிர்த்தார். அரசு செலவைக் கேள்வி கேட்க வேண்டியவரே செலவு செய்ய ஆரம்பித்தால் கேள்வியை யார் கேட்பது? நிழற்குடையில் எம்.பி. பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இனி 2018க்கு வருவோம். காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் வகுக்க வேண்டும். மத்திய அரசு கெடுவைத் தாண்டியது. நம் எம்.பி.க்கள் நாள்தோறும் அவையின் மையத்தில் இறங்கி முழக்கமிட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே மார்ச் 14 அன்று எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கையும் (செலவுக்கு அவையிடம் கேட்கும் பணம்) விவாதமில்லாமல், 'கில்லட்டின்' முறையில் நிறைவேறின. நீர்வளத் துறையின் கோரிக்கையும் அதில் அடக்கம். அங்கே கேட்ட தொகையில் பெயருக்கு 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்துப் பேச இருந்த வாய்ப்பு அப்படியே போனது. அவை ஒழுங்கில் இல்லை என்று சொல்லி, நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ்களையும் எடுக்காமல் விட்டார்கள். நம்ம சத்தம் யாருக்கு வசதியாகப் போனது பாருங்கள்.

சரி, கேள்வி எப்படிக் கேட்பது? "காவிரி நீரைப் பெற்றுத்தர அரசு நடவடிக்கை எடுத்ததா?" என்று கேட்டால், "காவிரி மேலாண்மை ஆணையம் கண்காணித்து வருகிறது" என்று ஒரு வரியில் கதை முடியும். மாதக்கணக்கு கேட்க வேண்டும். தமிழக எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டிஎம்சி வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் பதிவானது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு? ஆணையம் எந்தெந்தத் தேதியில் கூடியது? ஒத்துழைக்காத மாநிலம் இருந்தால் மத்திய அரசின் உதவியைக் கேட்கலாம் என்று செயல்திட்டத்திலேயே இருக்கிறதே, கேட்டதா? கேட்டிருந்தால் என்றைக்கு? இப்படிக் கேட்டால் பதிலோடு அட்டவணை ஒன்று இணைப்பாக வரும். நாளைக்கு நீதிமன்றத்திலும் அதை நீட்டலாம்.

வழக்கமான தப்பிப்பு, "தண்ணீர் மாநிலப் பொருள்". மாநிலப் பட்டியல் 17ஆம் இனம்தான், ஆனால் மத்தியப் பட்டியல் 56ஆம் இனத்துக்கு, அதாவது மாநிலங்களிடை நதிகளுக்கு, அது உட்பட்டது. அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கும் துணைக்கேள்வியில் இதைப் போட்டு நெருக்கலாம். அதற்கு, வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்வியாக இருக்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான். குலுக்கலில் பெயர் வர வேண்டும், அதிலும் வாய்மொழிப் பதில் வரை வருவது முதல் சிலதுதான். மீதி 230 நட்சத்திரமற்றவை, எழுத்துப் பதில் மட்டும். எழுத்துப் பதில்தானே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அதில் வந்தால் அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் அரசு உறுதிமொழிக் குழு கேட்கும். "மாநில அரசுதான் செய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டால் எதிலும் ஏறாது. எழுதுகிற அதிகாரிகளுக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி.

நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்வியும் வந்த பதிலும் பிடிஎஃப்பாக இறங்கும். நம்ம தொகுதிக்காரர் கேட்டதைப் படித்துப் பார்த்துவிட்டு, விடுபட்டதை விவசாய சங்கத்துக்காரர்கள் எழுதி அவர் அலுவலகத்தில் கொடுங்கள். பதில் வேண்டிய நாளுக்கு முழுசாக 15 நாள் முன்னால் நோட்டீஸ் போக வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது. முன்னுரை வேண்டாம், சோழன் கட்டிய கல்லணை வேண்டாம். 150 வார்த்தையைத் தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.