பத்து வயதில் முடிந்துவிடாத மூளை

அக்காவின் மகளுக்குப் பத்து வயது. சென்ற சனிக்கிழமை வெள்ளவத்தையிலுள்ள ஒரு ரியூசன் வகுப்பிலிருந்து அழைத்து வரும்போது, மடித்து மடித்துச் சிறு சதுரமாக்கிய மாதிரி வினாத்தாளை உள்ளங்கையில் பொத்தியபடி, "சித்தி, எனக்கு மூளை குறைவோ?" என்று கேட்டாள். கணக்கில் புள்ளி குறைந்தவர்களிடம் அங்கே அப்படிச் சொல்லப்பட்டதாம். காலி வீதியின் இரைச்சலுக்குள் எனக்குப் பதில் வரவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் பெற்றோர் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு இதை எழுதுகிறேன்.

ஆறு வயதாகும்போதே மூளையின் பருமன் வளர்ந்தோருடையதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அதற்குப் பின்னர் நடக்கும் பெரிய வேலை இணைப்புகளைச் சீர்ப்படுத்துவது. குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மிஞ்சி உருவான நரம்பிணைப்புகளில் அதிகம் பயன்படாதவை பதின்ம வயதிலும் களையப்படுகின்றன. எஞ்சும் நரம்பிழைகள் பலவற்றின் மீது மயலின் எனும் கொழுப்புறை படிந்து, செய்திகள் பல மடங்கு விரைவாகப் பாய வழிசெய்கிறது. பார்வைக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகள் இதில் முந்திக்கொள்கின்றன. திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும் நெற்றிப்புறப் பகுதியும், அதனை உணர்ச்சி மையங்களோடு சேர்க்கும் நீண்ட இழைக்கற்றைகளும் இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரின் 123,984 எம்.ஆர்.ஐ. படங்களைத் தொகுத்து 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வின்படி, இவ்விழைகளால் ஆன வெண்பொருளின் கனவளவு உச்சம் தொடுவது 28.7 வயதளவில். இதுவும் சராசரிதான், நல்ல சுகதேகியான பிள்ளைகளிடையேகூட வேறுபாடு மிகப் பெரிது.

இத்துறையில் நேர்ந்த ஒரு தவறு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வயது ஏற ஏற மூளையில் அருகருகான தொடர்புகள் தளர்ந்து தொலைதூரத் தொடர்புகள் வலுப்பெறுகின்றன என்று பல ஆய்வுகள் கூறிவந்தன. 2012 அளவில், அந்த மாற்றத்தின் ஒரு பகுதி, படம் எடுக்கும்போது சிறு பிள்ளைகள் தலையை அதிகம் அசைத்ததால் விளைந்த பிழை என்று தெரியவந்தது. ஏனெனில் மில்லிமீற்றர் அளவிலும் குறைந்த அசைவுகூட அருகிலுள்ள தொடர்புகளை மிகைப்படுத்தி, தொலைவிலுள்ளவற்றைக் குறைத்துக் காட்டிவிடும். ஆய்வாளர்கள் அதனை வெளிப்படையாக ஏற்று, தங்கள் முறைகளைத் திருத்தினார்கள். தலையின் அசைவை மூளையின் இயல்பாக வாசித்த அந்தப் பிழையை, கருவியே இல்லாமல் நாமும் செய்கிறோம். காலையில் சரியாகச் சாப்பிடாமல், நான்கு மணித்தியாலம் வாங்கிலில் இருந்து களைத்த பிள்ளை இழந்த புள்ளிகளை அவளுடைய மூளையின் அளவென்று எடுத்துக்கொள்கிறோம். வெட்டுப்புள்ளி பாடசாலை அனுமதிக்காக வகுக்கப்பட்ட எல்லை. மூளையைப் பற்றி அது எதையும் அளப்பதில்லை.

நேற்றிரவு அவளை அருகில் இருத்தி, "உன்ர மூளைக்குள்ள இன்னும் பாதை போட்டுக்கொண்டுதான் இருக்கு, அந்த வேலை முடியப் பதினைந்து வருஷத்துக்கு மேல செல்லும்" என்றேன். வரும் சனிக்கிழமை அந்த ஆசிரியரையும் சந்திப்பேன். பிழைத்த கணக்கைத் திருத்திக் கொடுங்கள், மூளையைப் பற்றிய தீர்ப்பை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்கப்போகிறேன்.